ஊசிக் காதில் ஒரு துளி

2025 செப்டம்பர் 26. சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு விடை கொடுக்கும் விழா டி.வி-யில் ஓடிக்கொண்டிருந்தது. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில், எழுபதைத் தாண்டிய ஒருவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி வைத்துவிட்டுப் போன காபி ஆடை கட்டிவிட்டது.

விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவர். விமானத்தை ஓட்டியதில்லை. ஆனால், அதன் உடம்பில் அவர் கை படாத இடம் இல்லை. 1963-ல் படைக்கு வந்து 62 வருடம் பறந்த விமானம் கடைசியாகத் தரையிறங்கியதும், எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

விஷயம் சிங்கப்பூரில் இருக்கும் மகன் காதுக்குப் போனது. தீபாவளிக்கு வந்தவன் பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தான். மிக்-21 பிளாஸ்டிக் மாடல் கிட். நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு. ஏழு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இறக்கை அகலம், பெட்டிக்குள் பத்து சென்டிமீட்டராக இருந்தது. பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்து, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும்.

பசை மட்டும் பெட்டியில் இல்லை. எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் விமானத்தில் கொண்டுவர முடியாது. சென்னையில் ஒரு ஹாபி கடையிலிருந்து கூரியரில் இரண்டு வகை வந்தது. ஒன்று, மூடியிலேயே மெல்லிய பிரஷ் வைத்த டாமியா எக்ஸ்ட்ரா தின். இன்னொன்று, ஊசிபோல் நீண்ட உலோக மூக்கு வைத்த கெட்டிப் பசை.

முதல் நாள் சாயங்காலமே தப்பு நடந்துவிட்டது. பிரஷ்ஷை பாட்டிலிலிருந்து அப்படியே எடுத்தார். கை நடுங்கியது. ஒரு துளி இறக்கையின் நடுவில் விழுந்தது. பதறிப்போய் விரலால் துடைத்தார். துடைத்த இடத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது.

இந்தப் பசை, பேப்பர் ஒட்டும் பசை மாதிரி அல்ல. மாடல் செய்யும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைக்கிற திரவம். இரண்டு விளிம்பும் இளகி ஒன்றோடொன்று கலந்து இறுகும். ஏறக்குறைய வெல்டிங்தான். அதனால் வேண்டாத இடத்தில் விழுந்தால் துடைக்கக் கூடாது. தொடாமல் விட்டால் தானே காய்ந்துவிடும். பிறகு நைஸான உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம். துடைத்தால்தான் வடு.

“கை போச்சு” என்று சொல்லிப் பெட்டியை மூடிப் பரணில் வைத்தார்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட்டுவிட்டது கணவர்தான். இரண்டு மாதம் முன்பு ஒருநாள், “இனிமே நீயே போட்டுக்க” என்று ஊசியைக் கையில் கொடுத்துவிட்டார். ‘வயசுக்கு வர்ற நடுக்கம்தான், பயப்பட ஒண்ணுமில்லை’ என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் மனைவியின் தோலுக்குப் பக்கத்தில் ஊசி ஆடுவதைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பரணுக்குப் போனது பொம்மைப் பெட்டி மட்டுமல்ல என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும்.

அரையாண்டுப் பரீட்சை லீவுக்கு வந்த பேத்திதான் பெட்டியை இறக்கினாள். மகள் வயிற்றுப் பேத்தி, ஏழாம் வகுப்பு.

“தாத்தா, இத ஏன் பாதியில வச்சிட்டீங்க?”

“கை ஆடுது ஆத்தா. பசை கொட்டிப் போயிருது.”

மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: “நூலு தடிச்சதா இருந்தா நான் ஊசிய மாத்துவேன். கையையா மாத்துவேன்?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. விமானத்தில் இடைவெளி அடைக்கும் சீலன்ட் போடும்போது, இடத்துக்குத் தகுந்தபடி மூக்கை மாற்றித்தானே போட்டோம் என்று நினைவு வந்திருக்க வேண்டும். எழுந்து போய் மேஜையை ஜன்னலோரம் இழுத்துப்போட்டார். இந்தப் பசைகளின் ஆவி மூச்சுக்கு நல்லதல்ல. காற்று வேண்டும்; பக்கத்தில் விளக்கோ அடுப்போ கூடாது.

அன்று தாத்தாவும் பேத்தியும் ஒரு பழைய பிளாஸ்டிக் சட்டத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள்.

மெல்லிய பசைக்குப் பிரஷ் சரிதான். ஆனால், பாட்டிலின் வாயில் இரண்டு பக்கமும் வழித்துவிட்டு எடுக்க வேண்டும். தடவவும் வேண்டாம். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து, இணைப்புக் கோட்டில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, இடுக்கு தானே பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிடிக்கும் விரல் அந்தக் கோட்டின் மேல் இருக்கக் கூடாது. இருந்தால் விரலுக்கு அடியிலும் பசை ஓடி, மறுபடி ரேகைதான்.

ஊசி மூக்கு பாட்டில், உடம்பின் இரு பாதிகளைப்போல நீளமான இணைப்புகளுக்கு. பாகங்களைச் சேர்ப்பதற்கு முன்னால் உள் விளிம்பில் கோடு போல இழுக்க வேண்டும். முதலில் வருவது பெரிய துளியாக இருக்கும் என்பதால், ஒரு தாளில் தொட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது. மூக்கு அடைத்துக்கொண்டால் மெல்லிய கம்பியை விட்டு எடுக்கலாம். சிலர் நெருப்பில் காட்டுவார்கள். உள்ளே இருப்பது தீப்பற்றும் திரவம். அந்த வம்பே வேண்டாம்.

பேத்தி இன்சுலின் சிரிஞ்சைக் காட்டி, “இதுல ஊத்திக்கலாமே?” என்றாள். தாத்தா மறுத்துவிட்டார். குத்தும் ஊசி ஒரு ஆபத்து. அதோடு, பசையில் இருக்கும் கரைப்பான் பட்டால் சிரிஞ்சுக்குள் இருக்கும் ரப்பர் உப்பிப்போய் நகராது.

விமானி உட்காரும் இடத்தை மூடும் கண்ணாடி மூடிக்கு இந்த இரண்டு பசையுமே ஆகாது. பட்டால் கறை நிற்கும். சூப்பர் குளூ வைத்தால் அதன் ஆவியில் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துப்போகும். அதற்கு வீட்டிலிருந்த ஃபெவிகாலே போதுமாக இருந்தது. தென்னை ஈர்க்கைச் சீவி, நுனியில் தொட்டு வைத்தார்கள். காய்ந்தால் நிறம் தெரியாது. கூடிப்போனால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

கடைசியாக மிஞ்சியது பிட்டோ குழாய். விமானத்தின் மூக்கிலிருந்து ஈட்டிபோல நீண்டிருக்கும். வேகத்தை அளக்க உதவுவது. கிட்டில் அது துடைப்பக் குச்சியைவிட மெல்லியது. சூப்பர் குளூதான் சட்டென்று பிடிக்கும். ஆனால், ட்யூபிலிருந்து விழும் ஒரு துளி அந்தப் பாகத்தையே மூழ்கடித்துவிடும்.

“ஒரு தையல் ஊசி குடு” என்று மனைவியிடம் கையை நீட்டினார்.

ஊசியின் காதுப் பக்கத்தைச் சாணைக்கல்லில் மெதுவாகத் தேய்த்தார். காதின் மேல்வளைவு தேய்ந்து திறந்துகொண்டது. இரண்டு பல் வைத்த குட்டிக் கவட்டை. கூர்முனையைப் பழைய பேனாக் கட்டைக்குள் செருகி இறுக்கினார். பால் கவரை வெட்டி அதில் ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டார். பால் கவரில் அது லேசில் பிடிக்காது. கவட்டையால் தொட்டதும், இரண்டு பல்லுக்கும் நடுவில் கடுகில் பாதி அளவு பசை நின்றது. கை ஆடியது, துளி விழவில்லை.

பஞ்சால் துடைக்கப் போன பேத்தியை மட்டும் தடுத்தார். சூப்பர் குளூ பஞ்சில் பட்டால் சட்டென்று சூடேறும், விரலைச் சுட்டுவிடும்.

அம்மா ஒரு சின்னத் துணிப் பையில் அரிசி போட்டுக் கட்டிக் கொண்டுவந்து, அவர் மணிக்கட்டுக்குக் கீழே வைத்தார். நடுக்கம் நிற்கவில்லை. குறைந்தது. மூச்சை வெளியே விட்டபடி கவட்டையைக் குழாயின் அடியில் தொட்டார். பசை இறங்கியது. பேத்தி இடுக்கியால் குழாயைப் பிடித்து மூக்கில் வைத்தாள். அவர் இருபது எண்ணினார்.

“உட்டுரு ஆத்தா.”

விட்டாள். நின்றது.

அந்த மிக்-21 இப்போது டி.வி-க்குப் பக்கத்தில் நிற்கிறது. இறக்கையில் கட்டைவிரல் ரேகை இன்னும் இருக்கிறது. உப்புத்தாள் போடட்டுமா என்று பேத்தி கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் கீழ ராஜ வீதிக்குப் போய் ஒரு பாக்கெட் தையல் ஊசி வாங்கிவந்தார். இரண்டைத் தனக்கு எடுத்துக்கொண்டு மீதியை மனைவியிடம் கொடுத்தார். இன்சுலினை அந்த அம்மா இன்னும் தானேதான் போட்டுக்கொள்கிறார். ஆனால் தினமும் காலையில் அளவு பார்த்து சிரிஞ்சில் ஏற்றிக் கொடுப்பது அவர். அரிசிப் பை மேஜையிலேயே இருக்கிறது.