விரல் அறிந்த இடம்

2025 ஆகஸ்டில் நம் நாட்டில் ஏராளமானோரின் ஆண்ட்ராய்டு போனில் அழைப்புத் திரை திடீரென்று மாறிப்போனது. யாரும் புதிதாக எதையும் நிறுவவில்லை, யாரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை. அதுவரை மேல்நோக்கித் தள்ளி எடுத்துக்கொண்டிருந்த அழைப்பை இனிப் பக்கவாட்டில் இழுத்து எடுக்க வேண்டும். கடைசியாகப் பேசியவர்களின் பட்டியலும் அடிக்கடி பேசுகிறவர்களின் பட்டியலும் ஒரே பக்கத்தில் வந்து கலந்துவிட்டன. இளையவர்கள் இரண்டொரு நாள் சமூக ஊடகங்களில் புலம்பினார்கள், மீம் போட்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

கும்பகோணத்தில் தனியாக இருக்கும் என் பெரியம்மாவுக்குப் பழகவில்லை. போன் அடிக்கும், வழக்கம்போல் மேலே தள்ளுவார், ஒன்றும் நடக்காது, அடித்து ஓய்ந்துவிடும். பெங்களூரில் இருக்கும் அவருடைய மகள் பதறிப்போய் பக்கத்து வீட்டுக்காரர்களை அனுப்பினாள். அவர்கள் போய்ப் பார்த்தபோது பெரியம்மா கூடத்தில் போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாராம். அந்த வாரம் நான் ஊருக்குப் போனபோது என்னிடம் சொன்னார்: "எனக்கு மூளை மழுங்கிப் போச்சுடா. ஒரு போனைக்கூட எடுக்கத் தெரியலை."

எத்தனையோ வீடுகளில் பெரியவர்கள் இதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளும் அதை ஆமோதிக்கிறார்கள். "அம்மாவுக்கு போன் வராது", "அப்பாவுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது." இது உண்மையல்ல என்று உரக்கச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது எனக்கு. அவர்களுக்கு ஏறியது. ஏறிய பிறகுதான் இடம் மாற்றப்பட்டது.

பெரியம்மா அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சில் ஹையர் தேர்வு தேறியவர். அந்தக் கால டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் விசைகளைப் பார்க்கக் கூடாது. கண் தாளில் இருக்க வேண்டும், விரல் தானே போக வேண்டும். 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று வரி வரியாக அடித்து, நாள்கணக்கில் அடித்து, விரலுக்கு இடத்தைச் சொல்லிக் கொடுப்பார்கள். அப்படிக் கற்றது பணிக்காலம் முழுக்க நின்றது, ஏனென்றால் விசைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அலுவலகத்தில் ரெமிங்டன் போய் ஃபேசிட் வந்தது, பிறகு கணினி வந்தது. ஆங்கில விசைகளின் வரிசை 1870களில் அமைந்த அதே வரிசை. தமிழுக்கு ஆர். முத்தையா வகுத்த தட்டச்சு அமைப்பும் கணினிக்குள் இன்றுவரை கிடைக்கிறது. பெரியம்மாவை இன்று ஒரு விசைப்பலகையின் முன் உட்கார வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். அவரைத்தான் போன் எடுக்கத் தெரியாதவர் என்கிறோம்.

கை கற்றுக்கொள்வது ஒரு தனி வகையான நினைவு. ஒரு பெயரையோ தேதியையோ மறந்துவிடுகிறவர்கூட சைக்கிள் ஓட்டுவதை மறப்பதில்லை. முதுமை அந்த நினைவை எளிதில் தொடுவதில்லை. முதுமையில் கடினமாவது வேறொன்று: பழகிய அசைவை அடக்கிவிட்டு அதே இடத்தில் புதிய அசைவை உட்கார வைப்பது. அழைப்புத் திரையை மாற்றுகிறவர்கள் முதியவரிடம் கேட்பது துல்லியமாக அந்தக் கடினமான ஒன்றைத்தான். அதையும் போன் அடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளுக்குள் கேட்கிறார்கள்.

பொத்தான் வைத்த போன்களின் காலத்தில் இந்தத் துன்பம் இல்லை. 2006 முதல் 2014 வரை நம் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை இயங்கியது. அந்த நிறுவனத்தின் போன்கள் இல்லாத தெரு தமிழ்நாட்டில் அன்று இருந்திருக்காது. பச்சையை அழுத்தினால் பேசலாம், சிவப்பை அழுத்தினால் முடிந்தது. ஐந்தாம் எண் விசையில் சிறு மேடு ஒன்று இருக்கும். பார்வையற்றவர்கள் அதைத் தடவிப் பார்த்தே மற்ற எண்களின் இடத்தைக் கண்டுகொள்வார்கள். வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் அந்த போன் உடைகிறவரை இருந்தது.

தொடுதிரையில் பெரியவர்களுக்கு இன்னொரு இடரும் உண்டு. திரை நம் அழுத்தத்தை உணர்வதில்லை. விரலால் அதன் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை உணர்கிறது. வயதாகித் தோல் வறண்டுபோன விரலையும், வேலை செய்து காய்ப்பேறிய விரலையும் அது பல நேரம் விரலாகவே கணக்கில் எடுப்பதில்லை. பெரியம்மா விரலை எடுக்காமல் அழுத்துகிறார். போன் அதை நீண்ட அழுத்தம் என்று புரிந்துகொண்டு வேறெதையோ திறக்கிறது. விரல் சற்று நடுங்கினால் தொட்டது இழுத்ததாகிவிடுகிறது.

பெரியம்மா தானே கூப்பிட்டபோது, பெங்களூரிலிருந்து மகள் தொலைபேசியிலேயே வழி சொல்லப் பார்த்திருக்கிறாள். "மேல மூணு புள்ளி தெரியுதாம்மா?" காதில் வைத்திருந்த போனை எடுத்துப் பார்த்தால் மகள் பேசுவது கேட்காது. ஸ்பீக்கரில் போடலாமென்றால், ஸ்பீக்கர் பொத்தானும் இடம் மாறியிருக்கிறது. மகளின் போனில் இருக்கும் மூன்று புள்ளி தாயின் போனில் இருக்குமென்ற உறுதியும் இல்லை. செயலிகளை இப்போது அப்படித்தான் வெளியிடுகிறார்கள். புதிய தோற்றம் முன்கூட்டியே செயலிக்குள் வந்து உறங்கிக்கொண்டிருக்கும். நிறுவனம் எங்கோ ஒரு சர்வரில் சுவிட்சைத் தட்டினால் விழித்துக்கொள்ளும். ஒரு பகுதியினருக்கு ஒரு தோற்றம், இன்னொரு பகுதியினருக்கு வேறு தோற்றம் என்று காட்டி, எதில் அதிகம் தொடுகிறார்கள் என்று சோதிப்பதும் உண்டு. அதனால் ஒரே மாதிரி போன் வைத்திருக்கும் இரண்டு பேரின் திரைகள் ஒரே நாளில் வேறு வேறாக இருக்கலாம். அப்டேட்டை நிறுத்தி வைத்தாலும் தப்ப முடியாது. பக்கத்து வீட்டுப் பையன் சொல்லிக் கொடுப்பதும் பயன்படாமல் போகிறது. ஒருவருக்கொருவர் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நம் ஊரில் எதையும் கற்கும் வழி. அந்த வழியையே இது அடைத்துவிடுகிறது.

அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2015இல் ஆண்ட்ராய்டில் பெரியதொரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்ட பிறகுதான் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் வழக்கம் வந்தது. ஓய்வூதியமும் வங்கிக் கணக்கும் போனுக்குள் வந்துவிட்ட நிலையில் பெரியம்மாவுக்கு அந்தத் திருத்தம் என்னைவிட அதிகம் தேவை. ஆனால் பூட்டைச் சரிசெய்ய வந்தவர் வாசலை இடம் மாற்ற வேண்டியதில்லை. இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஒன்றோடு ஒன்றைக் கட்டி, 'இப்போதே புதுப்பி', 'பிறகு நினைவூட்டு' என்ற இரண்டை மட்டும் திரையில் காட்டுகிறார்கள். 'வேண்டாம்' என்பது அங்கே இல்லை.

பிரித்துக் கொடுக்க முடியும் என்பதற்குச் சான்று நிறுவனங்களிடமே இருக்கிறது. மருத்துவக் கருவிகளுக்கும் ஏ.டி.எம். இயந்திரங்களுக்கும் என்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் ஒரு தனிப் பதிப்பே வைத்திருக்கிறது. அதற்குப் பல ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும், புதிய வசதிகள் வராது. ஊழியர்களுக்கு ஆண்ட்ராய்டு போன் கொடுக்கும் நிறுவனங்கள் சிஸ்டம் அப்டேட்டைத் தொடர்ந்து 90 நாட்கள் வரை நிறுத்தி வைக்கலாம். பண்டிகைக்கால விற்பனையின்போது கடை ஊழியரின் கையில் இருப்பது திடீரென்று மாறிவிடக் கூடாது என்பதை அங்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள். மொத்தமாக வாங்கும் நிறுவனத்துக்குக் கிடைக்கும் அந்த மரியாதை, சொந்தப் பணத்தில் ஒரே ஒரு போன் வாங்கிய மூதாட்டிக்குக் கிடைப்பதில்லை. பயனாளர்கள் திரண்டு கேட்டால் நிறுவனங்கள் செவிசாய்த்ததும் உண்டு. 2012இல் விண்டோஸ் 8இல் ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு வலுத்தது. மறு ஆண்டே 8.1இல் அதைத் திரும்ப வைத்தார்கள்.

முதியவர்களுக்கென்று போன்களில் 'எளிய முறை' இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, எழுத்தும் படமும் பெரிதாகின்றன. ஆனால் ஒவ்வொரு செயலியும் தன் உட்புறத்தைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டேதான் இருக்கிறது.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் தொடுத்த வழக்கு அது. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினால்தான் அடையாளச் சரிபார்ப்பு முடியும் என்றால், கண் சிமிட்ட இயலாதவர் எப்படி வங்கிக் கணக்கு தொடங்குவார் என்று கேட்டார்கள். அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமையும் அடங்கும் என்றது நீதிமன்றம். திரையின் முன் தோற்பவர் மனிதர் அல்ல, திரை அவரைக் கணக்கில் எடுக்காமல் செய்யப்பட்டிருக்கிறது என்ற பார்வை அதில் இருக்கிறது. பெரியம்மாவுக்கும் அதே பார்வை வேண்டும். அணுக முடிந்தால் மட்டும் போதாது. நேற்று அணுகிய வழி இன்றும் இருக்க வேண்டும்.

அன்று அவருடைய போனை வாங்கி அமைப்புகளுக்குள் போனேன். பக்கவாட்டில் இழுப்பதற்குப் பதிலாக ஒரே ஒரு தொடுதலில் அழைப்பை எடுக்கும் வழி அங்கே இருந்தது. பழைய மேல்நோக்கிய தள்ளல் அங்கே இல்லை. தொடுவது எளிதுதான், அதை வைத்துக்கொடுத்தேன். இது எத்தனை நாளைக்கு இப்படி இருக்கும் என்று கேட்டார். அந்த போனை விற்ற நிறுவனத்தாலும் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. 2023, 2024இல் வந்த விலை உயர்ந்த சில போன்களிலிருந்து ஏழு ஆண்டுகளுக்கு அப்டேட் உண்டு என்ற வாக்குறுதி தொடங்கியிருக்கிறது. நல்லதுதான். அதோடு இன்னொரு வரியையும் பெட்டியில் அச்சிடட்டும்: நீங்கள் கேட்காமல் அழைப்புத் திரை எத்தனை ஆண்டுகளுக்கு மாறாது என்பதை. அந்த எண்ணிக்கை எந்த போனில் அதிகமோ அதைத்தான் பெரியம்மாவுக்கு அடுத்து வாங்கிக் கொடுப்பேன்.