நாபோத்தின் நிலமும் நகரத்துக் குடிசைகளும்

‘பட்டா’ என்பது மூன்றெழுத்துச் சொல். அது கையில் இல்லாதவனுக்கு, தலைமுறையாகக் குடியிருந்த மண்ணும் ஒரே நாளில் அந்நிய மண்ணாகிவிடுகிறது. பிரம்மதேசம், மரக்காணம் பகுதிகளில் உப்பளத் தொழிலாளர் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் இச்சொல்லையே நான் மிகுதியாகக் கேட்டிருக்கிறேன். செபம் முடிந்து எழும்போது, “சாமி, எங்க எடத்துக்குப் பட்டா வருமா?” என்று கேளாத வீடுகள் சிலவே.

இங்கே உப்பு விளைவது வெயில் காலத்தில். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கும், வேலையும் நின்றுவிடும். அம்மாதங்களில் பேருந்து ஏறிச் சென்னைக்குச் சித்தாள் வேலைக்குச் செல்வோர் உண்டு. சென்றவருள் சிலர் திரும்புவதில்லை. கூவத்தின் கரையிலோ அடையாற்றின் கரையிலோ ஒரு கூரை போட்டுக்கொள்கிறார்கள். சிற்றூரின் நிலமற்ற ஏழை, பெருநகரின் குடிசைவாசியாவது இவ்வாறுதான். நகரத்துக் குடிசைப் பகுதியை நகரத்தின் நோய் என்கிறோம். ஊரில் நாம் தீர்க்காமல் விட்ட நிலச்சிக்கலின் மறுமுனை அது என்பதை மறந்துவிடுகிறோம்.

அவ்வாறு சென்ற குடும்பம் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் பெரும்பாக்கத்தில் சந்தித்தேன். 2015 டிசம்பர் பெருவெள்ளத்துக்குப் பின் ஆற்றோரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள். அடுக்குமாடியில் ஒரு வீடு. தனிக் கழிப்பறை, மின்விளக்கு எல்லாம் இருந்தன. முன்பு அந்தத் தாய் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கியவர். குடிசையிலிருந்து நடந்தே போய்வருவார். இப்போது இரு பேருந்துகள் மாற வேண்டும். இரண்டு வீடுகள் கைவிட்டுப் போயின. “வூடு நல்லாத்தான் இருக்குது சாமி. வேலதான் அங்கியே நின்னுபோச்சு” என்றார். நகர வளர்ச்சி பற்றிய நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

நம் மாநிலம் இவ்வழியில் தொடங்கவில்லை. 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பதே அதன் முழக்கமாயிற்று. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதே தொடக்ககால வழியாகப் பெரிதும் இருந்தது. மெரினா கடற்கரையின் நொச்சிக்குப்பம் அதற்குச் சான்று. 1971இல் குடிசைப் பகுதிகளுக்கெனத் தனிச் சட்டமே பிறந்தது. சென்னையில் 1,202 பகுதிகள் அச்சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17 பகுதிகள் சேர்க்கப்பட்டதோடு அப்பணி தேங்கிவிட்டது. அறிவிக்கப்படாத பகுதியில் வாழ்வோருக்குச் சட்டத்தின் காவல் எட்டுவதில்லை.

1977இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டம் மற்றொரு பாதையைக் காட்டியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சிறு மனைகள் பிரிக்கப்பட்டு, சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளோடு ஒப்படைக்கப்பட்டன. வீட்டைக் குடும்பங்களே தத்தம் வசதிக்கேற்பச் சிறிது சிறிதாகக் கட்டிக்கொண்டன. வீடுகள் விரைந்து எழவில்லையென்று அன்று குறை கூறினர். 2018இல் வெளியான ஓர் ஆய்வோ, அவை பலதரப்பட்ட மக்களும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக வளர்ந்துள்ளன எனக் கண்டது. ஏழைக்குச் சிறிது நிலமும் சிறிது காலமும் கொடுத்தால் அவன் கட்டத் தெரிந்தவன்.

பின்னாளில் நாம் தேர்ந்தது வேறு வழி. 2000 முதல் கண்ணகி நகர், பின் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தெற்கு ஓரத்தில் ஆயிரக்கணக்கில் வீடுகள் எழுந்தன. வாரியத்தின் பெயரும் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. ‘வாழ்விடம்’ நல்ல சொல். வாழ்வும் இடமும் அதில் பிரியாமல் நிற்கின்றன.

விவிலியத்தில் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை விரும்பிய ஆகாபு அரசன், முதலில் வன்முறையை நாடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அதைவிட நல்ல தோட்டம் தருவதாகவோ, விலையைப் பணமாகத் தருவதாகவோதான் சொன்னான். இன்றைய மொழியில் சொன்னால் மாற்று இடம், இல்லையேல் இழப்பீடு. கணக்கில் அதில் குறையில்லை. ஆனால், நாபோத்து ‘இல்லை’ என்று சொல்லக்கூடும் என்பதை அரண்மனையால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. மறுக்கும் உரிமை இல்லாதவனுக்குத் தரப்படுவதைக் கொடை என்பது எங்ஙனம்?

ஆற்றங்கரை நாபோத்தின் மூதாதையர் சொத்தைப் போன்றதன்று. வெள்ளம் வந்தால் உயிர்கள் போகும் என்பதும் உண்மையே. அரசின் கவலையை நான் எள்ளி நகையாடவில்லை. எங்கே அனுப்புவது, யாரைக் கேட்டு அனுப்புவது என்பவையே என் வினாக்கள். 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில், உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் முறையான அறிவிப்போடு அகற்றுவதை அது தடுக்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், இடம்பெயர வேண்டிய மக்களுக்கு முன்கூட்டியே தகவலும் தகுந்த மாற்று வழிகளும் தர வேண்டும், முடிவில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார்.

உப்பள மக்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உவர்நீர் எட்டாத இடத்தில் எத்துணை நேர்த்தியாகப் பாத்தி கட்டினாலும் அது வெறும் குழியே. பிழைப்பு எட்டாத இடத்தில் கட்டிய வீடும் அத்தகையதே.

நம்மால் இயன்றவை இரண்டு. ஊர்ப் பங்குகளில், எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் குடும்ப அட்டை, வீட்டுவரி ரசீது ஆகியவற்றைத் திரட்டி, ஏழைகளோடு வட்டாட்சியர் அலுவலகம் சென்று மனைப்பட்டாவுக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். நகரத்தில் வாழ்வோர், தம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண் எங்கிருந்து வருகிறார், விடியலில் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று ஒருநாள் கேட்டுப் பார்க்கலாம். அவரது பேருந்துக் கட்டணத்தையும் ஊதியத்தோடு சேர்த்துக் கணக்கிடுவது தருமம் ஆகாது, அது நீதி.