ஒரே பையில் இரண்டு 7

முப்பது வருடமாகச் சென்னையில் கோல்ஃப் ஆடுகிறவர் அவர். வேலை நாட்களிலும் வெயில் ஏறும் முன்னே ஒன்பது குழி முடித்துவிட்டு அலுவலகம் போனவர். பணி ஓய்வுக்குப் பிறகு தினமும் ஆட நேரம் கிடைத்தது. ஆனால் மணிக்கட்டில் பழைய வேகம் இல்லை. அவருடைய பழைய பிளேடு அயர்ன் செட்டின் நான்காம் நம்பரில் பந்து எழ மறுத்தது. நண்பரிடம் ஹைப்ரிட் அயர்ன் செட் ஒன்றை இரவல் வாங்கி முதல் டீயில் நின்றார். கூட ஆட வந்த இளைஞர் பையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், தாத்தா செட்டா? இதுல எப்படி அடிச்சாலும் நேராத்தானே போகும்!" என்றார்.

அந்தச் சொல் அவரைச் சுட்டது. "தாத்தா" என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். "எப்படி அடிச்சாலும்" என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவருக்கு அயர்ன் கற்றுக்கொடுத்தது ஒரு கேடி. அவர் பாடம் தொடங்கும்போது பந்தே இருக்காது. புல் தரையில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு கிழிப்பார். கோட்டுக்கு நேராக நின்று ஸ்விங் செய்ய வேண்டும். பிறகு குனிந்து உட்கார்ந்து, புல் பெயர்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். "கோட்டுக்கு அந்தாண்ட பேக்கணும் சார். இந்தாண்ட பேத்தா மண்ணைத்தான் அடிக்கறீங்க." இப்படியே இரண்டு மாதம். மூன்றாம் மாதம்தான் பந்தை வைத்தார். அதுவும் நான்காம் நம்பருக்கு. ஏழில் தொடங்கலாமே என்று இவர் கேட்டதற்கு, "நாலு வந்துட்டா மத்தது தானா வரும் சார். பந்தை நீங்க தூக்காதீங்க, கிளப் தூக்கும்" என்றார். நான்கு வருவதற்கு மூன்று வருடம் ஆனது. சித்திரை மாதத்தில், புல் கருகி மண் தெரியும் ஃபேர்வேயில், நான்காம் நம்பரைச் சுத்தமாக எடுத்த முதல் நாளை அவர் இன்றும் தேதியோடு சொல்வார். கைக்கு எதுவுமே தெரியவில்லை, காதுக்கு மட்டும் தெரிந்தது என்பார். பிளேடு அப்படித்தான். நடுவில் பட்டால் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு விரற்கடை தள்ளிப் பட்டால் முழங்கை வரை அதிரும்.

இளைஞரின் சொல்லுக்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. மறுநாள் ரேஞ்சுக்கு டால்கம் பவுடரோடு போனார். கிளப் முகத்தில் மெல்லப் பூசி, இரவல் செட்டின் ஆறாம் நம்பரால் இருபது பந்து அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் பிறகு பவுடரில் வட்டமாக விழுந்த தடத்தைப் பார்த்தார். ஏழு தடங்கள் நடுவில் இருந்தன. மற்றவை முனைப் பக்கமும் கழுத்துப் பக்கமும் சிதறியிருந்தன. ஒன்று நடுவிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி விழுந்திருந்தது. பிளேடில் அந்த அடி பாதி வழியில் வலப்பக்கம் சரிந்திருக்கும். இதில் பத்துக் கஜம்தான் குறைந்தது, திசை மாறவில்லை.

காரணம் மாயமல்ல. தலைக்கு உள்ளே வெற்றிடம். எடை ஓரங்களுக்கும் அடிப்பகுதிக்கும் போயிருக்கிறது. ஓரத்தில் எடை இருக்கும் தலை, விலகிப் பட்டாலும் எளிதில் திரும்பாது. ஈர்ப்பு மையம் தாழ்ந்து பின்னால் இருப்பதால் பந்து உயர எழுகிறது. இந்த வழியைத் திறந்தவர்களில் முக்கியமானவர் ஜெனரல் எலக்ட்ரிக் பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம். 1959-இல் எடையை இரு முனைகளுக்கும் ஒதுக்கி அவர் செய்த பட்டர், பந்தில் பட்டதும் எழுப்பிய ஓசையே பிங் என்ற பெயரானது. அதே எண்ணம் அயர்ன்களுக்கும் வந்து, 1982-இல் பிங்கின் ஐ 2 செட்டாக உலகம் முழுக்கப் பரவியது.

ஹைப்ரிட் கிழவர்களுக்கானது என்பவர்கள் 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்பை நினைத்துப் பார்க்கட்டும். கடைசிக் குழியில் மரத்துக்கு மேலே ஹைப்ரிட்டை எடுத்து அடித்துத்தான் தென்கொரியாவின் ஒய். ஈ. யாங் டைகர் வுட்ஸை வென்றார். 2004-இல் ட்ரூன் மைதானத்தில் டாட் ஹாமில்டன் ஓபன் பட்டம் வென்ற பிளே-ஆஃபில், கிரீனுக்கு வெளியிலிருந்து பந்தை உருட்டி விட்டதும் ஹைப்ரிட்டால்தான். இருவரும் பையில் வைத்திருந்தது முழு செட் அல்ல என்பது உண்மை. ஆனாலும் அந்தத் தலை வடிவத்தின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை நம்பிக்கைதானே.

இந்த கிளப் மன்னிக்காதவையும் உண்டு. காய்ந்து இறுகிய தரையில் பந்துக்கு முன்பே மண்ணைத் தொட்டால், அகன்ற அடிப்பாகம் துள்ளி எழுந்து பந்தின் வயிற்றில் அடிக்கும். பந்து தரையோடு கிரீனைத் தாண்டி ஓடும். சுண்ணாம்புக் கோட்டுக்கு எந்தப் பக்கம் புல் பெயர்கிறது என்ற கேள்வி இங்கேயும் அப்படியே நிற்கிறது. அதைக் கற்காமல் இந்த செட்டை வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்பதுதான் அவருடைய வருத்தம். திரையில் வரும் கஜக் கணக்கைப் படம் பிடிக்கிறார்கள். பெயர்ந்த புல்லை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தக் கஜக் கணக்கிலும் அவருக்குக் கோபம் இருக்கிறது. அவருடைய பழைய பிளேடில் ஏழாம் நம்பரின் கோணம் 35 டிகிரி. கடையில் அவருக்குக் காட்டிய புதிய ஏழின் கோணம் 30. பழைய ஆறைவிடவும் நிமிர்ந்தது. விற்றவர் இதைச் சொல்லவே இல்லை. "பாருங்க சார், பதினைந்து கஜம் கூடப் போகுது" என்று மட்டும் சொன்னார். எண்ணை மாற்றிப் பொறித்துவிட்டு அதை ஆட்டக்காரரின் பலமாகக் காட்டுவது விற்பனையாக இருக்கலாம், நேர்மையல்ல. மேலே எல்லாம் நிமிர்ந்துவிட்டதால் கீழே பிட்ச்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவே பெரிய பள்ளம் விழுகிறது. அதை நிரப்ப இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டியதாகிறது. பையில் 14 கிளப்புக்கு மேல் கூடாது என்ற விதி அமெரிக்காவில் 1938 முதல் இருக்கிறது. ஒவ்வொரு இடமும் விலையுள்ளது.

கடைசியில் அவர் புதியதில் 4, 5, 6, 7 ஆகிய நான்கை மட்டும் வாங்கினார். அதற்குக் கீழே பழைய பிளேடின் 7, 8, 9, பிட்ச்சிங் வெட்ஜ். ஆக, அவர் பையில் இப்போது இரண்டு 7 இருக்கின்றன. புதிதாக வாங்கப் போகிறவர்களிடம் அவர் கேட்டுக்கொள்வது இரண்டுதான்: கடையில் எண்ணைக் கேட்காமல் கோணத்தைக் கேளுங்கள், பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாளாவது சுண்ணாம்புக் கோடு போட்டு, பந்தில்லாமல் அடித்துப் பாருங்கள்.