கை அறியும் பக்குவம்

வடக்கு கானா கிராமங்களில் ஷியா வெண்ணெய் எடுப்பது பெண்கள் வேலை. ஷியா, நம் இலுப்பையின் குடும்பத்து மரம். காய்ப்புக்கு வர 15, 20 வருஷம் ஆகும். மழைக்காலத்தில், வீட்டில் தானியம் தீரும் நேரத்தில்தான் பழம் விழும். பொறுக்கிய கொட்டையை வேகவைத்துக் காயவைத்து, உடைத்த பருப்பை வறுத்து அரைப்பார்கள். அந்தப் பழுப்பு விழுதில் தண்ணீர் விட்டுக் கையாலேயே அடிக்க வேண்டும். அதுதான் பாடு, தோள் கடுத்துப்போகும். விழுது வெளுத்து, கொழுப்பு மேலே திரண்டதும் அலசிக் காய்ச்சி வடிகட்டுவார்கள்.

பருப்பாகவே விற்றால் கிடைப்பது சொற்பம். ஆனால், மக்காச்சோளம் வாங்கக் காசு உடனே வேண்டுமே! அப்படியும் ஒரு சட்டி வெண்ணெயை விற்காமல் எடுத்துவைப்பாள் வீட்டுக்காரி. மார்கழி, தையில் சஹாராப் பக்கமிருந்து வறண்ட காற்று அடிக்கும்போது பிள்ளைகளின் உதடும் குதிகாலும் வெடிக்கும்; அதற்கு.