யாளி வைத்தியம்

உடம்புக்குள் ஒரு போலீஸ் படை இருக்கிறது. டி செல்கள். ரத்தத்தில் ரோந்து சுற்றி, வைரஸ் புகுந்த செல்லைக் கண்டால் ஸ்பாட்டிலேயே கதையை முடித்துவிடும். கேன்சரிடம் மட்டும் பல சமயம் ஏமாந்து போகும். காரணம், அது வெளியூர் ஆசாமி இல்லை. சொந்த செல்தான் கெட்டுப் போயிருக்கிறது. ரேஷன் கார்டு முதற்கொண்டு எல்லாம் வைத்திருக்கும்.

டி செல்லுக்கு ஆளை அடையாளம் காட்டிக் கொடுத்தால் என்ன என்று 1980களில் இஸ்ரேலின் வைஸ்மன் இன்ஸ்டிட்யூட்டில் ஸெலிக் எஷ்ஹார் யோசித்தார். ஆன்ட்டிபாடியின் மோப்பம் பிடிக்கும் முனையை டி செல்லுக்குப் பொருத்தினார். இந்த ஒட்டுவேலைக்கு இப்போது கைமெரிக் ஆன்ட்டிஜென் ரிசப்டர் என்று பெயர். சுருக்கமாக 'கார்'. கைமெரா என்பது கிரேக்கப் புராணத்தில் சிங்கம், ஆடு, பாம்பு மூன்றும் கலந்த மிருகம். நம் கோயில் தூண் யாளிக்கு ஒன்றுவிட்ட உறவு.

இந்தப் புது ஜீனை டி செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? டி செல்லுக்குள் நுழைவதில் மகா கெட்டிக்காரன் எய்ட்ஸ் வைரஸ்தான். அதன் பல்லைப் பிடுங்கி, கூரியர் பையனாக வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கார்ல் ஜூன் அமெரிக்கக் கடற்படையில் டாக்டராக இருந்தபோது எச்.ஐ.வி. ஆராய்ச்சி செய்தவர். 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு ஒருவகை கார் செல்களை ஏற்றிப் பார்த்தார்கள். நோய் போகவில்லை. ஆனால், ஏற்றிய செல்கள் பத்து வருஷம் கழித்தும் ரத்தத்தில் உயிரோடு இருந்தன. தொற்றுநோயில் ஜெயிக்காத பரிசோதனை கேன்சர்காரர்களுக்குத் தைரியம் தந்தது.

2012 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயசுப் பெண்ணுக்கு இதைச் செய்தார்கள். ரத்தப் புற்றுநோய். கீமோதெரபிக்குப் பிறகு இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. கார் செல்களை ஏற்றியதும் ஜுரம் எகிறியது, ரத்த அழுத்தம் சரிந்தது, வென்டிலேட்டர். பிழைப்பதே சந்தேகம். ரத்தத்தைச் சோதித்ததில் இன்டர்லூகின்-6 என்ற புரதம் கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. அதை அடக்கும் மருந்து ஒன்று இருப்பது கார்ல் ஜூனுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? அவர் மகளுக்குச் சின்ன வயசிலேயே மூட்டுவாதம். டோசிலிஸுமாப் என்ற அந்த மருந்து, ஒஸாகாவில் கிஷிமோட்டோவின் ஆராய்ச்சியில் பிறந்தது. கேன்சருக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. கொடுத்தார்கள். எமிலி தன் ஏழாவது பிறந்த நாளன்று கண் விழித்தாள். 2022-ல், கேன்சர் இல்லாமல் பத்து வருஷம் முடித்தாள்.

ஒரு குழந்தை பிழைக்க இஸ்ரேல் மூளை, எய்ட்ஸ் வைரஸ், ஜப்பான் மருந்து, டாக்டர் வீட்டு மூட்டுவலி எல்லாம் சேர வேண்டியிருந்தது. எந்தக் கமிட்டியும் இப்படிப் ப்ளான் போட்டிருக்காது.

2017-ல் அமெரிக்கா அனுமதித்தபோது விலை 4,75,000 டாலர். நமக்கெல்லாம் இல்லை என்று விட்டுவிடாமல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் ராகுல் புர்வாரும் டாடா மெமோரியல் டாக்டர்களும் சேர்ந்து உள்ளூரிலேயே செய்தார்கள். 2023 அக்டோபரில் அனுமதி. பெயர் நெக்ஸ்கார்19. 2025-ல் வெளியான பரிசோதனை முடிவில், மற்ற சிகிச்சைகள் கைவிட்டவர்களில் 73 சதவிகிதம் பேருக்குப் பலன். சிலருக்கு நோய் மறுபடி தலைகாட்டியது என்பதையும் சொல்லவேண்டும்.

போன மாசம் பழைய நண்பர் ஒருவர் போன் செய்தார். அவர் அண்ணன் மகனுக்கு லிம்ஃபோமா. இரண்டு சுற்று கீமோ ஆகிவிட்டது.

"சார், ரத்தத்தை எடுத்து ட்ரெய்னிங் குடுத்து மறுபடி உள்ள விடறாங்களாமே, நிஜமா?"

"நிஜம்தான். நம்ம நாட்டுலயே பண்றாங்க."

"எவ்வளவு ஆகும்?"

நாற்பது லட்சத்தை ஒட்டி வரும், அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கு என்று பெருமையாகவே சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஊர்ல அப்பா வீடு ஒண்ணு இருக்கு சார். நாலு பேர் கையெழுத்து போடணும்" என்றார்.