ஸ்கேன் கோப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு

ஆவடி, பூந்தமல்லி பக்கம் படித்து முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நெட்வொர்க் வேலைக்கு வருகிற பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் நெட்வொர்க்கை ஸ்கேன் செய்யும் என்மேப்பை ஓட்டத் தெரிந்திருக்கிறது. அது எழுதித் தரும் எக்ஸ்எம்எல் கோப்பை உட்கார்ந்து படிக்கத்தான் பொறுமை இல்லை. நாலு வரி பைதான் எழுதி, 'ஓப்பன்' என்றிருக்கும் போர்ட்களை மட்டும் உருவி, எக்செல்லில் போட்டு மேலே அனுப்பிவிடுகிறீர்கள். அந்தக் கோப்பில் இருப்பதில் பாதிகூட அதில் வருவதில்லை.

சர்வீஸ் பெயர் இருக்கும் வரியிலேயே 'மெத்தட்' என்று ஒன்று இருக்கும். அதில் 'டேபிள்' என்றிருந்தால், அந்த எண்ணில் வழக்கமாக எது ஓடும் என்று பட்டியலைப் பார்த்து எழுதிய பெயர் அது. நம்பகத்துக்கு என்மேப் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் பத்துக்கு 3. 'புரோப்டு' என்றிருந்தால், கேட்டுப் பார்த்து, வந்த பதிலை வைத்து எழுதியது. 8080-இல் ஓடுவது ஓர் அட்டெண்டன்ஸ் மெஷினின் பக்கமாக இருக்கலாம். டேபிள் அதையும் 'எச்டிடிபி பிராக்ஸி' என்றே எழுதும். நேரில் பார்த்ததையும் ஊகித்ததையும் ஒரே குரலில் சொல்லாதீர்கள். வேலையில் மட்டும் இல்லை, வீட்டிலும் அப்படித்தான்.

போர்ட்டின் நிலையிலும் 'ஃபில்டர்டு' வேறு, 'குளோஸ்டு' வேறு. குளோஸ்டு என்றால் எதிர்முனை பதில் சொல்லி மறுத்தது. ஃபில்டர்டு என்றால் பெரும்பாலும் பதிலே வரவில்லை, நடுவில் ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம். பக்கத்திலேயே 'ரீசன்' அதைச் சொல்கிறது. பதில் வராததை 'இல்லை' என்று எழுதி அனுப்புவது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம்.

போர்ட் வரிகளுக்கு வெளியேயும் பார்க்க வேண்டியது இருக்கிறது. 2017 மே 12-இல் பரவத் தொடங்கிய வான்னாக்ரை ரான்சம்வேர், நம் பக்கத்து ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையையும் தொட்டது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. வான்னாக்ரை பரவிய வழி 445-ஆம் போர்ட். அந்த ஓட்டையைச் சோதிக்க என்மேப்பில் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதன் முடிவு போர்ட் வரிக்குள் வராது. 'ஹோஸ்ட்ஸ்கிரிப்ட்' என்ற தனிப் பகுதியில் வரும். போர்ட்களை மட்டும் சுற்றிவரும் உங்கள் பைதான் அதைப் பார்க்காமலே போய்விடும். ஓட்டை இல்லையென்றால் அந்த ஸ்கிரிப்ட் சாதாரணமாக எதையும் எழுதுவதில்லை. சோதனையே நடக்காமல் போனாலும் அங்கே வெறுமைதான் இருக்கும். வரி இல்லை என்பதால் பாதுகாப்பு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

கோப்பின் கடைசியில் 'ஃபினிஷ்டு' வரியும் 'சக்சஸ்' என்ற சொல்லும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாதியில் நின்ற ஸ்கேனின் எக்ஸ்எம்எல் முடிவுக்குறி இல்லாமல் இருக்கும், பார்சர் எரர் காட்டும். கையால் குறியைச் சேர்த்து ஒப்பேற்றாமல் திரும்ப ஓட்டுங்கள். ஓட்டுவதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகள் விளையாட்டில்லை. பட்டறைகளில் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பழைய பிஎல்சிகள் வேகமான ஸ்கேனைத் தாங்காமல் நின்றுபோகலாம். ஷிஃப்ட் ஓடும்போது அவற்றைத் தொடாதீர்கள்.

அடுத்த முறை அனுப்பும் எக்செல்லில் 'மெத்தட்', 'ரீசன்' என்று இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்து அனுப்புங்கள்.