கரையிலேயே பழகிக்கொள்ளுங்கள்

வீட்டு வாடகை கட்டி மாளவில்லை, கால்வாயில் ஒரு படகு வாங்கிக் குடியேறிவிடலாமா என்று இங்கிலாந்தில் வாழும் நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் அங்கே படகில் குடித்தனம் நடத்தியவர்கள் என்பதால் கேட்கிறார்கள். நான் யாரையும் தடுப்பதில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: படகைத் தேடும் முன் உங்கள் பழக்கங்களை மாற்றுங்கள். தண்ணீரில் வாழ்வதற்கான தயாரிப்பைக் கரையிலேயே முடித்துவிட வேண்டும்.

அந்தக் கால்வாய்கள் சரக்குப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டவை. ரயில் வந்து கூலி குறைந்ததும், கரையில் வீடு வைத்துக்கொள்ள முடியாத படகோட்டிகள் மனைவி மக்களோடு படகிலேயே குடியேறினார்கள். சுமார் 10 அடி நீள அறையில் சமையல், தூக்கம், பிள்ளைப்பேறு எல்லாம் நடந்தன. மாறாக, விரும்பி அப்படி வாழ்ந்தவர் எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட். பான்பரியில் ஒரு பட்டறையில் தன் 'கிரெஸ்ஸி' படகை வீடாக மாற்றிக்கொண்டு 1939-இல் புறப்பட்டார். 1951 வரை அதில் வாழ்ந்தார். அவர் 1944-இல் வெளியிட்ட 'நேரோ போட்' நூல், அழிந்துகொண்டிருந்த கால்வாய்களைக் காக்கும் இயக்கத்துக்கு வழி திறந்தது. ஒரே கால்வாய் ஒருவருக்கு வறுமையாகவும் இன்னொருவருக்கு விடுதலையாகவும் இருந்திருக்கிறது. தயாராகிப் போனவர் யார், தள்ளப்பட்டுப் போனவர் யார் என்பதுதான் வேறுபாடு.

நேரோபோட் எனப்படும் அந்த ஒடுக்கமான கால்வாய்ப் படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். சுவர்ப்பலகையும் குளிர்காப்பும் போக உள்ளே இரு கைகளையும் நீட்டினால் இரு பக்கமும் இடிக்கும். ஆகவே முதலில், இப்போது இருக்கும் வீட்டில் ஒரே அறைக்குள் குடும்பத்தை நடத்திப் பாருங்கள். மற்றதையெல்லாம் பெட்டியில் கட்டி வையுங்கள். ஆறு மாதம் திறக்காத பெட்டி உங்களுக்குத் தேவையில்லாத பெட்டி.

அடுத்தது தண்ணீர். சில நூறு லிட்டர் பிடிக்கும் தொட்டியை, தண்ணீர்க் குழாய் இருக்கும் துறைக்குப் படகை ஓட்டிப்போய் நீங்களே நிரப்ப வேண்டும். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்த சென்னைக்காரர்களுக்கு அந்தக் கணக்கு சட்டென்று புரியும். கழிவறையின் கழிவுப் பெட்டியையும் நீங்களே தூக்கிப்போய், அதற்கென உள்ள இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். மின்சாரம் பேட்டரியில் இருக்கிற அளவுதான். குளிர்காலத்தில் வெயில் மங்கிவிட்டால் சோலார் தகடு கைகொடுக்காது. குழாயைத் திருகினால் வரும், விசையை அழுத்தினால் எரியும் என்ற நினைப்பைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

படகு வாங்கும்போது விற்பவரின் பேச்சை மட்டும் நம்பாதீர்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அடித்தகட்டின் கனத்தை அளந்து சொல்லும் சர்வேயரை உங்கள் செலவில் அமர்த்துங்கள். துரு தின்ற தகட்டை உள்ளே இருக்கும் அழகான மர வேலை மறைத்துவிடும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அடிப்பாகத்துக்குக் கருப்புப் பூச்சு அடிக்க வேண்டும்; நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும். இந்தச் செலவையெல்லாம் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட பாடங்களில் சமரசம் கூடாது. நிலக்கரி அடுப்பிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதனால்தான் 2019 முதல் தங்கும் வசதியுள்ள படகுகளில் அதை உணர்த்தும் அலாரம் கட்டாயமாக்கப்பட்டது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கும். படகுகளை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுத் தொட்டியான லாக்கில் இறங்கும்போது, படகின் பின்பக்கம் உள்ளே இருக்கும் திட்டில் மாட்டிக்கொண்டால், நீர் வடிய வடிய படகு சாய்ந்து மூழ்கும். அனுபவசாலி ஒருவரோடு பலமுறை லாக் கடந்து பழகாமல் தனியே புறப்படாதீர்கள்.

படகை நிறுத்த நிலையான துறை இல்லாதவர், 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும். பிள்ளையின் பள்ளி, வேலை, மருத்துவர், கடிதம் வரும் முகவரி என எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே விடை வேண்டும். குளிர்காலத்தில் லாக்குகளைப் பழுதுபார்க்கக் கால்வாயை மூடுவார்கள். சில நாள் நீர் உறைந்து படகே நகராது.

எல்லாவற்றையும்விட முக்கியம், கூட வருபவரின் மனம். கோபித்துக்கொண்டு போய் உட்கார இன்னொரு அறை அங்கே கிடையாது. ஒருவர் ஆசைக்காக மற்றவர் தலையாட்டினால் முதல் குளிர்காலமே அதைக் காட்டிவிடும். மனம்விட்டுப் பேசிக்கொள்ளும் பழக்கம் இல்லாத தம்பதிக்குப் படகு அதைக் கற்றுத்தராது.

கோடை விடுமுறையில் மூன்று நாள் மிதந்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். குளிர்காலத்தில் ஒரு படகை வாடகைக்கு எடுத்து இருவாரம் வாழுங்கள். தண்ணீர் பிடியுங்கள், கழிவைத் தூக்குங்கள், அடுப்பை அணையாமல் காத்துப் பாருங்கள். அதன் பிறகும் இருவருக்கும் ஆசை குறையவில்லையென்றால், திரும்பிவரக் கொஞ்சம் பணத்தைக் கரையில் ஒதுக்கி வைத்துவிட்டுத் துணிந்து வாங்குங்கள்.